பல்பிறஷ் காம்பும் ஒரு முடிச்சும்

என் மேசை லாச்சியில் ஒரு சாண் நீளப் பலகை ஒன்று கிடக்கிறது. அதன் ஒரு முனையில் சிவப்பும் பச்சையுமாக இரண்டு பல்பிறஷ் காம்புகள், நுனி சீவப்பட்டு, ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கின்றன. பலகையின் ஓரத்தில் அறுந்த தங்கூசி, மீன் பிடிக்கிற நைலோன் நரம்பு. வீட்டுக்கு வருபவர்கள் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் என்று நினைக்கிறார்கள். மயக்கிய எலியின் தலை அசையாதபடி இரு காதிலும் கொடுத்துப் பிடிக்கிற கருவி அது.

போரின் பொருளாதாரத் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் நான் ஆராய்ச்சி மாணவி. உயிருள்ள எலியின் மூளைக்குள் இரத்தக்குழாய்கள் ஓடுவதை, சாயம் ஏற்றி எக்ஸ்ரேயில் எடுக்க வேண்டும். பட்டம் அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. கொழும்பில் சொல்லிவைத்த கருவி வரவில்லை. கையில் இரண்டே இரண்டு ஃபிலிம். எங்கள் ஆய்வுகூட உதவியாளர் குருநகர்க்காரர், கடலுக்குப் போகிற குடும்பம். "இரும்பு வேண்டாம் மிஸ், படத்திலை நிழல் விழும்" என்று சொல்லி, வீட்டிலிருந்த பிறஷ்களைச் சீவிக்கொண்டு வந்தார். பிறகு அவர் வீட்டில் எல்லோருக்கும் பல் தீட்ட உமிக்கரிதான்.

முதல் படத்தில் எலியின் உடம்பு ஆடி எல்லாம் கலங்கிப்போயிற்று. நான் அவர்மேல் பாய்ந்தேன். அடுத்த முறை அவர் எலியின் நெஞ்சுக்குக் குறுக்கே தங்கூசியை இழுத்துக் கட்டினார். படம் அற்புதமாக வந்தது. மயிரிழைக் குழாய்கூடத் தெளிவு. நான் துள்ளாத குறை. அவர் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மிஸ், உந்தப் படத்தைப் போடாதேங்கோ."

"ஏன் அண்ணை?"

"கை பழக்கத்திலை கடல் முடிச்சைப் போட்டிட்டன். இழுபட இழுபட இறுகும், தளராது. நீங்கள் மிசினடியிலை நிக்கேக்கையே எலிக்கு மூச்சு நிண்டிட்டுது. கடைசி ஃபிலிம் எண்ட பயத்திலை நான் வாய் திறக்கேல்லை."

எனக்குக் கோபம்தான் வந்தது, எலிக்காக அல்ல. சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்? இரண்டு நாள் அவரோடு முகங்கொடுத்துக் கதைக்கவில்லை. இப்போது நினைக்க வெட்கமாக இருக்கிறது. மூன்றாம் நாள் படத்தின் மூலையில் 'இறந்தபின் எடுத்தது' என்று எழுதினேன். பட்டம் ஒன்றரை வருடம் தள்ளிப்போயிற்று.

கடைசியில் புது ஃபிலிம் வந்தபோது அவர் வேறொரு எலியைத் துணிப்பட்டியால் தளர்வாகக் கட்டினார். நான் பொத்தானை அமத்தும்வரை எலியின் நெஞ்சில் ஒரு விரலை வைத்து, "ஓம், இருக்கு... இருக்கு..." என்று சொல்லிக்கொண்டே நின்றார். சற்றுக் கலங்கிய படம்தான். அதைத்தான் ஆய்வேட்டில் ஒட்டினேன். ஊரை விட்டு வெளிக்கிட்டபோது பலகையை என் பைக்குள் வைத்துவிட்டதும் அவர்தான்.

இப்போது நான் வேலைசெய்யும் இடத்தில் கருவி பெட்டியோடு வருகிறது. எலியின் மூச்சைத் திரை காட்டுகிறது. ஆனாலும் படம் எடுக்குமுன் என் விரல் அதன் நெஞ்சுக்குத்தான் போகிறது. மாணவர்கள் திரையைக் காட்டிச் சிரிக்கிறார்கள். செத்த எலியை எடுக்க அன்று அவர் பிளேட்டால் அறுத்த தங்கூசியின் முடிச்சு பலகையில் அப்படியே இருக்கிறது. நகத்தால் எத்தனையோ தரம் நெம்பிப் பார்த்துவிட்டேன். இன்னும் தளரவில்லை.