சீதனமாக வந்த ஸ்டேசன் கதவு

எங்கள் ஊர் ரயில் ஸ்டேசனை யுத்தம் அழித்தது என்று வெளியூர்க்காரருக்குச் சொல்லுவோம். பாதிதான் உண்மை. யுத்தத்தில் ரயில் நின்றது. மிச்சத்தை நாங்களே பார்த்துக்கொண்டோம். ஓடுகள் மச்சாளின் மாட்டுக் கொட்டிலுக்கு. பயணிகள் குந்தும் வாங்கு சலூனுக்கு. மணியாகத் தொங்கிய தண்டவாளத் துண்டைக் கோயில்காரர் தூக்கிக்கொண்டு போனார்கள். இன்றைக்கும் பூசைக்கு அதைத்தான் அடிக்கிறார்கள், பிள்ளையாரும் ஒன்றும் கேட்கவில்லை. டிக்கட் அறைக் கதவு என் குசினிக்கு வந்தது. நடுவில் கை நுழையும் அளவுக்கு வளைவான ஓட்டை. முற்றத்தில் இருப்பவருக்கு அதற்குள்ளால் தேத்தண்ணி நீட்டலாம்.

பிறகு ரயில் மறுபடி ஓடியது, எங்கள் ஊரில் மட்டும் நிற்காமல். நின்று என்ன செய்ய? இருந்தது பற்றையும் நாலு ஆடும்தான்.

என் மனிசனுக்குச் சிறுநீரகம் பழுதான பிறகுதான் எனக்கு அந்த ரயில்மேல் ஆத்திரம் வந்தது. இரத்தம் சுத்திகரிக்கக் கிழமைக்கு இரண்டு தரம் மட்டக்களப்புக்குப் போகவேண்டும். வயல் வட்டைக்குள்ளால் ஆட்டோவில் குலுங்கிப் போய், பிறகு பஸ். திரும்பி வரும்போது வாடின கீரை மாதிரி இருப்பார். ரயில் நிற்கவேண்டும் என்று ஊரெல்லாம் திரிந்து கையெழுத்து வாங்கி மனு அனுப்பியது நான்தான்.

போன வருசம் அந்த மனுவைப் பார்த்து ரயில்வே அதிகாரி ஒருவர் வந்தார். ஊர்ச் சந்தியில் எல்லாரையும் கூட்டிக் கேட்டார்.

"பழைய ஸ்டேசன் சாமான் ஏதும் இரிக்கா? ஸ்டேசன் இரிந்ததுக்கு அத்தாட்சியா ஒண்டு காட்டினாப் போதும். இஞ்ச ரயில் நிக்கவேணும் எண்டு எழுதிருவன்."

ஒன்றும் இல்லை என்று எல்லாரும் கையை விரித்தார்கள். அரசாங்கச் சாமான் பிடிபட்டால் பொலிசு வருமே! சலூன்காரர் வாங்கின்மேல் துணியை விரித்தார். கோயிலில் அன்று மணியே அடிக்கவில்லை. பயந்தாங்கொள்ளிக் கூட்டம் என்று ஏசிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பின்னாலேயே அதிகாரியும் வந்து தண்ணி கேட்டார். நான் பழக்கதோசத்தில் ஓட்டைக்குள்ளால் செம்பை நீட்டினேன்.

அவர் கதவையே பார்த்தார்.

"இது எங்கால வந்த, அக்கா?"

எனக்குப் பொலிசுதான் ஞாபகம் வந்தது. எங்கள் பக்கம் பெண்ணுக்கு வீடுதான் சீதனம். வாயில் வந்ததும் அதுதான்.

"சீதனம் சேர். அம்மா வீட்டோட தந்த."

தண்ணியைக் குடித்தார், ஒன்றும் இல்லை என்று கொப்பியில் எழுதினார், போய்விட்டார்.

முற்றத்துக் கதிரையில் இருந்த மனிசன் சிரித்தார். "கெட்டிக்காரிகா நீ. ஸ்டேசனையே சீதனமா வாங்கியிரிக்காய்!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. றோட்டுக்கு ஓடினேன். ஜீப் போன புழுதிதான் இருந்தது. கதவைப் படமெடுத்துக் கடிதம் போட்டேன். முடிந்த விசயத்தைத் திரும்பக் கிளற முடியாதென்று பதில் வந்தது. என்னைவிடப் பெரிய பயந்தாங்கொள்ளி இந்த ஊரில் யார்?

ஆஸ்பத்திரிக்குப் போகும் நாட்களில், வெளிக்கிட்டு முற்றத்தில் நின்றுகொண்டு அவர் ஓட்டைக்குள் கையை விடுவார்.

"மட்டக்களப்புக்கு ஒரு டிக்கட் தாகா."

முன்பெல்லாம் அந்தக் கையில் அடிப்பேன். இப்போது ஊசி குத்திக் குத்தி அது கறுத்துப்போய்விட்டது. கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அந்தப் பக்கம் ரயில் கூவிக்கொண்டு போய்விடும். பிறகு ஆட்டோவைக் கூப்பிடுவேன்.