கதவு உள்பக்கம் திறக்கும் அறை

அந்த ஆய்வுக்கூடத்தில் இரண்டு சாதி மனிதர்கள் இருந்தார்கள். மூன்றாவது மாடியில் கரும்பலகையோடு குடித்தனம் நடத்துகிறவர்கள். அடித்தளத்தில் கருவிகளோடு மல்லுக்கட்டுகிறவர்கள். ஒருவரை ஒருவர் கேலி பண்ணாமல் இவர்களுக்குத் தேநீர் இறங்காது. ஒரே வீட்டிலிருந்து இரண்டு பக்கத்துக்கும் ஆள் போனதுதான் விசேஷம். அடித்தளத்தில் அண்ணி, மாடியில் கொழுந்தன்.

அவளை ஐஸ் அக்கா என்று கூப்பிடுவார்கள். பொருள்களை நினைத்துப் பார்க்க முடியாத குளிருக்குக் கொண்டுபோய், அவற்றுக்குள் மின்சாரம் எப்படி ஓடுகிறது என்று அளப்பது அவள் வேலை. அவள் கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்தபோது கொழுந்தன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். அவனுக்கு இயற்பியல் பைத்தியம் பிடித்ததற்கு அண்ணிதான் காரணம் என்று மாமியார் சொல்வாள். அது புகாரா பெருமையா என்பது அன்றைக்கு அவளுக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்தது. சட்டை முழுக்கச் சுண்ணாம்புத் தூளோடு அலைகிற அவனுக்கு சாக்பீஸ் என்று பெயர் விழுந்துவிட்டது.

ஐஸ் அக்கா சுபாவத்திலேயே பயந்தவள். காஸ் அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியிலிருந்து திரும்பி வருவாள். வேலையிலும் அப்படித்தான். எல்லா வால்வையும் தொட்டுப் பார்த்துவிட்டு, மறுபடியும் தொட்டுப் பார்ப்பாள். அவள் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அடித்தளத்துக் கடைசி அறையில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு பெரிய காந்தம் நின்றது. அதன் வயிற்றுக்குள் திரவ ஹீலியம். விஷமில்லை, நிறமில்லை, வாசனையில்லை. ஆனால் ஆவியானால் பலநூறு மடங்கு இடம் கேட்கும். அறையிலுள்ள காற்றைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்ளும். மூச்சு முட்டுகிற மாதிரிகூடத் தெரியாது. இரண்டு மூச்சில் ஆள் சாய்ந்துவிடுவான். பாதுகாப்புப் பயிற்சியில் சொன்ன ஒரு வாக்கியம் அவளைத் தூக்கத்திலும் துரத்தியது: உள்ளே விழுந்தவரைக் காப்பாற்ற ஓடுகிறவர்தான் இரண்டாவது பிணம்.

சாக்பீஸ் ஒரு கணக்குப் போட்டிருந்தான். மிகவும் குளிர்ந்ததும் சில பொருள்களில் மின்சாரம் தடையே இல்லாமல் ஓடும். வலுவான காந்தம் அந்தக் குணத்தைக் கொன்றுவிடும். அவன் சொன்னது, ஒரு குறிப்பிட்ட படிகத்தில் காந்தத்தை இன்னும் இன்னும் கூட்டினால் செத்த குணம் பிழைத்து வரும் என்பது. மாடியில் பாதிப் பேர் சிரித்தார்கள். அளந்து பார்த்துவிடுவோம் என்றாள் அண்ணி.

அன்று சாப்பாட்டு நேரம் தாண்டி, காந்தத்தை அதன் உச்சத்துக்குக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். அளவீட்டுக் கணினி நடைக்கு எதிர்ப்பக்க அறையில் இருந்தது. இருவரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள். திரையில் ஹீலிய மட்டம் அசையாமல் ஒரே எண்ணில் நின்றது.

"இது மாட்டிக்கிச்சு போல அண்ணி. காந்தத்து மேல இருக்கிற அளவு முள்ளப் பாத்துட்டு வந்துடறேன்."

"வேணாம், உட்காரு. காந்தம் ஏறிட்டு இருக்கறப்ப யாரும்..."

அவன் நடையைத் தாண்டிவிட்டிருந்தான். காந்த அறைக் கதவு சாத்திக்கொண்டது. கதவிலிருந்த சின்னக் கண்ணாடி வழியாக அவன் காந்தத்தின் பக்கத்து ஏணியில் ஏறுவது தெரிந்தது. அவள் காந்தத்தை இறக்கும் பொத்தானைத் தேடிக் கை நீட்டினாள். அதற்குள் ரயில் எஞ்சின் பெருமூச்சு விடுவதுபோல ஒரு சத்தம். காந்தத்துக்குள் எங்கோ ஒரு புள்ளி சூடாகி, அத்தனை ஹீலியமும் ஒரே மூச்சில் கொதித்துக் கிளம்பிவிட்டது. கூரை வழியாக வெளியே போகவேண்டிய குழாய் மூட்டு பிடுங்கிக்கொண்டது. வெள்ளை வெளேரென்று மேகம் மேலிருந்து இறங்கியது. அலாரம் அலறத் தொடங்கியது.

அவள் நடையைத் தாண்டி ஓடிக் கதவுக் கண்ணாடியில் முகத்தை ஒட்டினாள். ஏணியில் அவன் இல்லை. தரையில் ஒரு செருப்புக்கால் தெரிந்தது. பிறகு அதையும் மேகம் மூடிக்கொண்டது.

"தம்பி! டேய் தம்பி!"

கதவைத் தள்ளினாள். அது உள்பக்கம் திறக்கிற கதவு. உள்ளே நிறைந்த வாயு அதைச் சட்டத்தோடு அழுத்திப் பிடித்திருந்தது. தோளால் முட்டினாள். சுவரைத் தள்ளுவதுபோல் இருந்தது. மாமியாரிடம் என்ன சொல்வேன் என்ற ஒரே எண்ணம் பம்பரம்போல் சுழன்றது.

தீயணைப்பு உருளை சுவரில் தொங்கியது. அதைப் பிடுங்கிக் கண்ணாடியில் அடித்தாள். மூன்றாவது அடியில் உடைந்தது. பனிப்புகை அவள் தலைக்கு மேல் சீறிக்கொண்டு நடைக்குள் பாய்ந்தது. தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டாள். அழுத்தம் குறைந்து கதவு தளர்ந்தது. இப்போது தள்ளினால் திறக்கும். கை எட்டும் தூரத்தில் அவன் கிடக்கிறான். அவள் உடம்பு முழுக்க உள்ளே ஓடு, உள்ளே ஓடு என்றது.

அவள் எதிர்ப்பக்கம் ஓடினாள்.

கணினி அறை அலமாரியில் மூச்சுக் கருவி இருந்தது. முகமூடியின் வார் விரல்களில் மாட்டாமல் நழுவியது. இந்த நிமிஷத்தில் அவன் மூளை செத்துக்கொண்டிருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே வாரை இறுக்கி, காற்று வருகிறதா என்று இழுத்துப் பார்த்தாள். அந்தச் சில நொடிகளைப்போல் நீளமான எதையும் அதற்கு முன்பும் பின்பும் அவள் கண்டதில்லை.

உள்ளே தவழ்ந்துபோய்க் கணுக்காலைப் பிடித்து இழுத்தாள். ஒல்லிப்பிச்சான் என்று வீட்டில் கிண்டல் பண்ணுகிற உடம்பு மூட்டையாகக் கனத்தது. மாடிப்படிவரை இழுத்துவந்து மார்பை அழுத்தினாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. அலாரம் கேட்டு இறங்கிவந்த காவலாளி மலைத்துப்போய் நின்றார்.

"ஆம்புலன்சக் கூப்பிடுங்கண்ணே! நின்னு பாக்காதீங்க!"

கடைசியில் அவன் தொண்டையில் ஏதோ கரகரத்தது. மூச்சு வந்தது. நினைவு வரவில்லை.

மருத்துவமனை நடையில் கணவன் தையல் கடையிலிருந்து அளவு நாடா கழுத்தில் தொங்க ஓடிவந்தான். மாமியார் அழவில்லை, அதுதான் பயமாக இருந்தது. மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே கேள்வியைக் கேட்டாள்.

"பழையபடி இருப்பானாடி?"

"தெரியல அத்தை."

அவன் கண் திறந்தது இரண்டு நாள் கழித்து. அண்ணியைப் பார்த்து உதட்டை அசைத்தான். பேச்சு வந்தது. ஆனால் தண்ணீர் கேட்க நினைத்து ஜன்னல் கேட்டான். அண்ணன் பெயர் வந்தது, தன் வீட்டுத் தெரு வரவில்லை. படுக்கையில் உட்கார்ந்து, சின்ன வயதில் அண்ணி சொல்லிக்கொடுத்த ஒரு சமன்பாட்டை எழுதப் பார்த்து, பாதியில் நின்று, பேனாவை வெறித்துக்கொண்டிருந்தான். அவள் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். அந்த முகமூடியை மாட்டிக்கொண்டு நின்ற நேரத்தில்தான் அந்தச் சமன்பாடு போயிற்று என்று அவளுக்குத் தோன்றியது. மாட்டாமல் போயிருந்தால் இரண்டு பேரும் போயிருப்போம் என்று அறிவு சொன்னதை மனசு காதில் போட்டுக்கொள்ளவில்லை.

விசாரணையில் விஷயம் தெரிந்தது. கூரை வேலைக்கு வந்தவர்கள் குழாய் மூட்டைக் கழற்றிவிட்டுச் சரியாக முடுக்காமல் போயிருந்தார்கள். துறைத்தலைவர் எல்லோரையும் உட்காரவைத்து ஆறுதலாகப் பேசினார். ஐஸ் அக்கா எழுந்தாள்.

"ஆறுதல் அப்புறம் சார். அந்தக் கதவு வெளிப்பக்கம் திறக்கற மாதிரி மாத்துற வரைக்கும் நான் காந்தத்தைத் தொடமாட்டேன். வேற யாரையும் தொடவும் விடமாட்டேன்."

மாற்றினார்கள்.

வேலையை விட்டுவிடச் சொல்லிக் கணவன் பலமுறை கேட்டான். அவளுக்கும் ஆசைதான். ஆனால் சாக்பீஸுக்கு வார்த்தைகள் ஒவ்வொன்றாகத் திரும்பிக்கொண்டிருந்தன. மழைக்காலம் முடிவதற்குள் கணக்கும் வந்தது, முன்னைவிட மெதுவாக. அவன் அடித்தளத்துக்கு மட்டும் வருவதில்லை. படி பக்கம் வந்தாலே அவனுக்கு வியர்த்துவிடும். படிகமோ இன்னும் அளக்கப்படாமல் கிடந்தது.

"நீ அளக்கலன்னா நானே இறங்கி வந்து அளப்பேன் அண்ணி," என்றான் ஒருநாள். விளையாட்டாகச் சொன்னானா தெரியாது. சொன்னபடி செய்துவிடுவான் என்று அவள் பயந்தாள்.

மறுவாரம் அவளே காந்தத்தை ஏற்றினாள், கூட ஒரு ஆளை வைத்துக்கொண்டு. முள் ஏற ஏற நாற்காலிக் கைப்பிடியை விடவில்லை. அவன் சொன்ன இடத்துக்குச் சற்று மேலே படிகத்தின் மின்தடை மளமளவென்று விழுந்து பூஜ்யத்தைத் தொட்டது. மாடிக்கு போன் போட்டாள்.

"வந்துடுச்சு தம்பி. நீ சொன்னதவிடக் கொஞ்சம் மேல."

மெதுவாக, வார்த்தையைத் தேடித் தேடி அவன் கேட்டான்:

"நீ எங்க அண்ணி இருக்க இப்ப? உள்ளயா, வெளியவா?"

"வெளிய."

"அங்கயே இரு. காந்தத்த இறக்கு மொதல்ல."

அவள் இறக்கத் தொடங்கினாள்.