விசிறி சுழல வேண்டிய வெப்பநிலை

ஃபெரித் துறை வரிசையில் நின்றபோதுதான் என் மோட்டார் சைக்கிளில், சூடு மிஞ்சினால் எரியும் அந்தச் சிவப்பு விளக்கு முதன்முதலில் எரிந்தது. எனக்கு முன்னால் ஏகப்பட்ட மோட்டார் சைக்கிள்கள், தலைக்கு மேல் பதினொரு மணி வெயில். இஞ்சின் சூடேறினால் ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் சிறிய மின்விசிறி தானாகச் சுழல வேண்டும். குனிந்து காது கொடுத்துக் கேட்டேன். ஊரில் உள்ள எல்லா வண்டிகளின் சத்தமும் கேட்டது, என் விசிறியின் சத்தத்தைத் தவிர. இஞ்சினை அணைத்து, வண்டியைத் தள்ளிக்கொண்டே படகில் ஏறினேன்.

வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. காரணம் என் மகள்.

சில மாதங்களுக்கு முன் இதே வண்டி பாலத்தில் பேட்டரி செத்து நின்றது. உச்சி வெயிலில் அரை மைல் தள்ளினேன். தலை சுற்றி உட்கார்ந்த இடத்துக்கு அவள்தான் தான் வசிக்கும் பத்து காவான் ஊரிலிருந்து காரில் வந்தாள். அன்றைக்கே மாற்றுச் சாவியை எடுத்துக்கொண்டாள்.

"இன்னொரு தடவ இது உங்கள வழியில நிறுத்துச்சுன்னா இந்தச் சாவியும் எங்கிட்ட வந்துடணும்பா. சரியா?"

சரி என்றேன். அறுபத்தொன்பது வயதில் கையில் சாவி இல்லையென்றால், செவ்வாய்க்கிழமை நண்பர்களைப் பார்க்க ஃபெரியில் பட்டர்வொர்த் போவதற்குக்கூட ஒருவரிடம் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். ஆகவே ஞாயிற்றுக்கிழமை அவள் வருவதற்குள் விசிறி ஓட வேண்டும்.

இது எனக்குப் பெரிய காரியமில்லை என்று நினைத்தேன். முப்பத்தோரு வருடம் புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் இருந்தவன் நான். இயந்திரம் நின்றால் எதை முதலில் பார்ப்பது, எதை அடுத்துப் பார்ப்பது என்று நடைமுறைகளை எழுதுவதும், எழுதியபடி யாரும் செய்யவில்லை என்று கடிதம் அனுப்புவதும் என் வேலை. இரண்டாவதில்தான் அதிக நேரம் போனது.

எனவே முறைப்படி தொடங்கினேன். ஃபியூஸ் நன்றாக இருந்தது. ரேடியேட்டரில் திருகியிருக்கும், சூடேறினால் விசிறியை ஓடவைக்கும் வெப்ப சுவிட்சிலிருந்து பிளக்கைக் கழற்றி, அதன் இரண்டு வயர்களையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்தேன். விசிறி சுழன்றது. ஆக மோட்டார் சரி, மின்சாரம் சரி, குற்றவாளி சுவிட்ச்தான். சந்தேகமே இல்லை. சுவிட்சைக் கழற்றினேன். ரேடியேட்டரின் பச்சை நிறத் தண்ணீர் வாசல் போர்ச் முழுவதும் ஓடியது. அதைப் பிடிக்க வாளி வைக்க வேண்டும் என்பதும் நான் எழுதிய நடைமுறைகளில் உண்டு.

குற்றத்தை நிரூபிக்க, சமையலறையில் ஒரு பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, சுவிட்சை மின் மீட்டரோடு இணைத்துக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டேன். மனைவி எட்டிப் பார்த்தாள்.

"அது பால் காய்ச்சுற பாத்திரம்ங்க."

"சும்மா பத்து நிமிஷம்."

"பாலுக்கு அஞ்சு நிமிஷம்தான் ஆகும். ஒங்க சாமானுக்கு மட்டும் பத்தா?"

தண்ணீர் தளதளவென்று கொதித்தது. மீட்டரின் முள் அசையவில்லை. சுவிட்ச் செத்துவிட்டது என்று எழுதி வைத்துவிட்டு, உதிரிப் பொருள் கடைக்கு நடந்துபோய்ப் புதியது வாங்கிவந்தேன். மாட்டுவதற்கு முன் புதியதையும் சோதிக்க வேண்டும். அதுதான் முறை. அதே பாத்திரம், அதே கொதி. முள் அசையவில்லை.

மறுபடியும் கடைக்கு நடந்தேன். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்தே சிரிக்கத் தொடங்கிவிட்டார்.

"பழசும் கெட்டுப்போச்சு, புதுசும் கெட்டுப்போச்சா? அண்ணே, இந்த ராசிக்கு நீங்க லாட்டரியில நாலு நம்பர் எடுங்க லா, கண்டிப்பா அடிக்கும்."

"விளையாடாதீங்க. கொதிக்கிற தண்ணியில போட்டுப் பார்த்துட்டேன்."

"எத்தன டிகிரில இது வேல செய்யும்னு போட்டிருக்கு?"

வண்டியின் கையேடு என் பையில்தான் இருந்தது. அதைத் திறந்து, அடிக்கோடு போட்டிருந்த வரியை நானே வாசித்தேன். நூற்று மூன்று டிகிரி. அடிக்கோடு போட்டதும் நான்தான். ரேடியேட்டருக்குள் அழுத்தம் இருப்பதால் அங்கே தண்ணீர் நூறைத் தாண்டியும் கொதிக்காமல் சூடேறும். திறந்த பால் பாத்திரத்தில் எத்தனை மணி நேரம் அடுப்பை எரித்தாலும் நூறுக்கு மேல் ஏறாது. இது பள்ளிக்கூடப் பாடம். பயிற்சிக்கு வந்தவர்களிடம் நான் கேள்வியாகவே கேட்டிருக்கிறேன். தவறாகச் சொன்னவர்களை எப்படிப் பார்ப்பேனோ அப்படித்தான் அப்போது கடைக்காரர் என்னைப் பார்த்தார். கையேட்டை மூடிப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

தண்ணீருக்குப் பதில் எண்ணெய். மகள் கேக் செய்வதற்காக வாங்கி மறந்துபோன வெப்பமானி ஒன்று அலமாரியில் இருந்தது. வாணலியில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தபோது மனைவி கேட்டாள்.

"இப்ப என்னத்தப் பொரிக்கிறீங்க?"

"சுவிட்ச்."

"வெந்ததும் சொல்லுங்க, சோறு போடுறேன்."

நூற்று மூன்றைத் தொட்டதும் முள் துள்ளியது. புதியது சரி. பழையதைப் போட்டேன். அதுவும் சரி. இப்போது என்னிடம் இரண்டு நல்ல சுவிட்சுகளும் ஒரு கெட்ட வண்டியும் இருந்தன.

இங்கேதான் நான் நிறுத்தி யோசித்திருக்க வேண்டும். சுவிட்ச் கெட்டுப்போகவில்லை என்றால் அன்று விசிறி ஏன் ஓடவில்லை? அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் வேலையை முடித்ததாகக் கையெழுத்துப் போட்ட எத்தனையோ படிவங்களை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஆனால் அன்று வெள்ளிக்கிழமை, முதுகு வலி, சமையலறையில் எண்ணெய் நாற்றம். புதிய சுவிட்சை மாட்டி, ரேடியேட்டரை மறுபடி நிரப்பி, பிளக்கைச் செருகி, இஞ்சினை ஓடவிட்டேன். கால் மணி நேரம் கழித்து விசிறி சுழன்றது. ஒரு தடவை. போதும் என்று அணைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். அவள் ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பொறியாளர். வண்டி எப்படி இருக்கிறது என்று கேட்டாள். நடந்ததைச் சொல்லாமல், "ஏறி உக்காரு, லிட்டில் இந்தியா போய் இனிப்பு வாங்கிட்டு வரலாம்" என்றேன். அது தேவையில்லாத திமிர்.

அங்கே சுற்றுலாப் பேருந்து ஒன்று முனையில் திரும்ப முடியாமல் தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது. வண்டியின் முகப்பில் சூட்டைக் காட்டும் கோடுகள் ஒவ்வொன்றாக ஏறின. விசிறிக்காகக் காத்திருந்தேன். விளக்குதான் எரிந்தது.

"அப்பா, செவப்பு லைட்டு."

"தெரியுது."

"இது மொத தடவையா?"

வண்டியைக் கடை வரிசையின் நடைபாதை ஓரமாகத் தள்ளினேன். பூக்கடைக்காரம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உக்காருங்க ஐயா, மொகமெல்லாம் செவந்து கெடக்கு" என்றார். நான் உட்காரவில்லை. மண்டியிட்டுக் குனிந்து, சாவியைத் திருகியபடியே விட்டு, சுவிட்சின் பிளக்கை விரலால் அசைத்தேன். விசிறி சீறிக்கொண்டு சுழன்றது. விட்டேன், நின்றது. மறுபடி அசைத்தேன், சுழன்றது. பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தால் உள்ளே பித்தளை முனை பச்சை பூத்துக் கிடந்தது. வாரா வாரம் ஃபெரியில் வாங்கிய உப்புக் காற்று. நான் சுவிட்சைச் சோதித்தேன், வயர்களைச் சோதித்தேன். இரண்டும் சேரும் அந்த இடத்தைத்தான், ஒவ்வொரு சோதனைக்கும் என் கையாலேயே பிரித்து ஓரமாக வைத்திருந்தேன்.

"கண்டுபிடிச்சிட்டேன்! உப்புத்தாள் வச்சுத் தேய்ச்சா அஞ்சு நிமிஷ வேல."

"நல்லது. இது மொத தடவையான்னு கேட்டேன்."

அப்போது சொல்லிவிட்டேன். ஃபெரி வரிசை, பால் பாத்திரம், எண்ணெய், வெள்ளிக்கிழமை, எல்லாம். இஞ்சின் ஆறியதும் இருவரும் மெதுவாக வீடு வந்தோம். வாசலில் இறங்கியவள் கையை நீட்டினாள்.

"வீடு வரைக்கும் ஓடுச்சேம்மா. காரணமும் தெரிஞ்சுபோச்சு."

"வழியில நின்னுச்சா இல்லையாப்பா?"

நின்றது. சாவியைக் கழற்றிக் கொடுத்தேன். அவள் கார் தெருமுனையைத் தாண்டும் முன்பே நான் பிளக்கைப் பிரித்துவிட்டேன். தேய்த்தேன், துடைத்தேன், கிரீஸ் தடவினேன், செருகினேன். உண்மையாகவே ஐந்து நிமிட வேலைதான். இரவுச் சாப்பாட்டுக்கு முன் அவளைப் போனில் அழைத்தேன்.

"சுத்தம் பண்ணிட்டேன். முடிஞ்சுது."

"விசிறி ஓடுதா?"

"சாவி இல்லாம எப்படிம்மா ஓட்டிப் பார்க்க முடியும்?"

"அப்ப முடிஞ்சுதுன்னு எப்படிச் சொல்றீங்க?"

அவள் பக்கம் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது, பிறகு நின்றது.

"அடுத்த ஞாயித்துக்கெழம வரேன்பா. நாள் பூரா ஓடவிட்டுப் பார்ப்போம். சத்தம் இருக்கும்னு பக்கத்து வீட்டுல இப்பவே சொல்லி வச்சுடுங்க."