தென்கடல் சாளையும் என் ஐஸும்

கருநீலக் கோடுகள் விழுந்த அந்த வெள்ளைப் பாளம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை முடித்துக்கொண்டவன் நான். ஆனால் மண்டபத்தில் சொந்தமாக ஐஸ் கம்பெனி போட்டு, அறுபதுகளில் இந்தக் கரை மீனையெல்லாம் கெடாமல் மெட்ராஸுக்கு அனுப்பியவனும் நான்தான். விஞ்ஞானத்துக்கே என் ஐஸ் தேவைப்பட்டது. அதைச் சொல்ல எனக்கென்ன கூச்சம்?

அப்போது எங்கள் ஊர் ஆராய்ச்சிக்கூடத்துக்கு வந்திருந்த ஓர் அம்மாவை ஊரே மீன் டாக்டரம்மா என்றது. எங்கள் ஊருக்கு வடக்கேயும் தெற்கேயும் கடல்; வடகடல் சாளையும், அதாவது மத்தி மீனும், தென்கடல் சாளையும் ஒரே இனமா, வேறா என்று பார்ப்பது அவர் வேலை. உருளைக்கிழங்கு மாவைக் காய்ச்சி உறையவைத்த பாளத்தில் மீன் சதையின் சாற்றை வைத்து மின்சாரம் விடுவார். சாற்றிலுள்ள புரதங்கள் பிரிந்து ஓடித் தனித்தனியே நிற்கும். சாயம் போட்டால் கோடுகளாகத் தெரியும். எங்கள் ஊர் வெக்கையில் பாளம் சூடாகிக் கோடெல்லாம் ஒன்றோடொன்று ஈஷிக்கொண்டது. மெட்ராஸ் அதிகாரி இந்த முறை வரும்போதும் கோடு தெளியாவிட்டால் வேலையையே நிறுத்திவிடுவதாகச் சொல்லியிருந்தார்.

"பாய், பாளத்துக்குக் குளிர்ச்சி வேணும்" என்று டாக்டரம்மா என் கம்பெனி வாசலில் வந்து நின்றார். உடனே ஒரு வண்டி ஐஸ் அனுப்பினேன். மாலையில் ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போய்ப் பார்த்தால் கோடுகள் முன்னைவிட மோசம். வடிந்த தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்த டாக்டரம்மா, ஐஸ் அடுக்கிய என் லோடுமேனைப் பார்த்தார்.

"உப்புப் போட்டீங்களா?"

"போடாமயா? மீனுக்குன்னுதானம்மா சொன்னாக."

"ஏலே, இது கூடையில போற மீனா? பரீட்சை எழுதுற மீனுடா" என்றேன். வாடியிருந்த டாக்டரம்மா சிரித்துவிட்டார். உப்புத்தண்ணீர் பாளத்தில் இறங்கி, மின்சாரம் கூடுதலாகப் பாய்ந்து, சூட்டை ஏற்றிவிட்டதாம்.

மறுநாள் காலையில் உப்பில்லாத ஐஸோடு நானே போனேன். புதுப் பாளத்தைக் கண்ணாடியால் மூடி, ஒரு சொட்டும் உள்ளே இறங்காதபடி அதன்மேல் ஐஸை அடுக்கினார் டாக்டரம்மா. உருக உருக நான் அள்ளிப் போட்டேன். முதலாளி வேலைக்காரனாக நின்றது என் வாழ்நாளில் அன்று மட்டும்தான், அதுவும் சந்தோஷமாக.

அதிகாரி வந்து நின்றபோது பாளம் சாயத்திலிருந்து வெளியே வந்தது. கோடுகள் சீப்புப் பல்லாக விலகி நின்றன. இரண்டு கடல் சாளையும் அச்சு அசலாக ஒரே மாதிரி. சம்பந்திகள் அல்ல, கூடப் பிறந்தவை.

இப்போது அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் குளிரறையே கட்டிவிட்டார்களாம். கட்டட்டும்.

அன்றைக்கு அதிகாரி வெகுநேரம் குனிந்து பார்த்துவிட்டு, "அடுத்து என்னம்மா?" என்றார்.

"ஒரு மீன்தான் சார் முடிஞ்சிருக்கு. கடல் முழுக்க இருக்கே."

அவர் தலையை ஆட்டும் முன்பே, அடுத்த வண்டி ஐஸுக்கு நான் ஆள் அனுப்பியிருந்தேன்.