பால் காய்ச்சிய அன்று விழுந்த பல்லி

வெள்ளிமலையில் நாங்கள் ஒரு நாள்கூடக் குடியிருந்ததில்லை. ஆனால் அங்கே வீடு பேசி, சுண்ணாம்பு அடித்து, பாலும் காய்ச்சினோம். கொரோனா ஊரடங்குகள் எல்லாம் ஓய்ந்த வருடம், கார்த்திகையின் கடைசி முகூர்த்த நாள்.

என் மனைவி கிராம சுகாதாரச் செவிலியர். வெள்ளிமலை இருக்கும் கல்வராயன் மலையில் வேலை வேண்டும் என்று அவளே கேட்டு வாங்கியிருந்தாள். எங்கள் வீடு அடிவாரத்தில், கச்சிராயபாளையத்தில். தினமும் பஸ்ஸில் ஏறி இறங்கி அந்த வேலையைப் பார்க்க முடியாது, பிரசவ வலி என்ன பஸ் நேரம் பார்த்தா வரும் என்பாள். மலையிலேயே குடியிருக்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. நான் கடைகளுக்கு வரிக்கணக்கு எழுதிக் கொடுப்பவன். கணினியும் கரண்டும் இருந்தால் எனக்கு எந்த ஊரும் ஒன்றுதான்.

வீடு கிடைக்கத்தான் தாமதமாகிவிட்டது. மார்கழி பிறந்துவிட்டால் பால் காய்ச்ச மாட்டார்கள். தை வரை பொறுக்க அவளுக்கு மனமில்லை. ஆகவே முகூர்த்தத்துக்கு முந்தின நாள் அவசரமாகச் சுண்ணாம்பு அடிக்க வைத்தோம். மலையில் அப்போது மூட்டம் இறங்கியிருந்தது, துவைத்த துணியே காயாத பருவம். காலையில் போய்ப் பார்த்தால் சுவரின் மேல்பாதி ஈரம் மாறாமல் மங்கலாக இருந்தது. காய்ந்த இடத்தைத் தொட்டால் கையில் மாவு மாதிரி ஒட்டியது.

நாங்கள் இருவர், என் அம்மா, மனைவியின் அண்ணன், அவ்வளவு பேர்தான். சுவரோரம் அடுப்பை வைத்துப் புதுப் பானையில் பால் ஊற்றினாள். பால் பொங்கும் சமயம் ஆவி சுவரில் ஏறி முத்து முத்தாக நின்றது. அடுப்புக்கு நேர்மேலே ஒரு பல்லி காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தது. அது வேடிக்கையாக இருக்கிறதே என்று நான் பார்த்துக்கொண்டிருந்தபோதே சறுக்கி, நேராகப் பானைக்குள் விழுந்தது.

“ஐயையோ!” என்று அம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

“பாவம், அதுக்கும் ஒரு டம்ளர் குடுத்திருந்தா வுழுந்திருக்காது அத்தே” என்றார் மச்சான்.

“உங்களுக்கு இன்னா தம்பி? சிரிச்சிட்டு பஸ் ஏறிப் பூடுவீங்க. இந்த வூட்ல இருக்கப் போறது யாரு?” அம்மா மனைவியின் பக்கம் திரும்பினார். “தோள்ல வுழுந்தா இன்னா, தலையில வுழுந்தா இன்னான்னு பலன் பாக்குறோம். இது பொங்குற பால்லயே வுழுந்துகிச்சி. வேணாம்மா. இந்த வூடு வேணாம்.”

மச்சானும் அதற்குமேல் சிரிக்கவில்லை. மனைவி அடுப்பை அணைத்துவிட்டு என்னை வெளியே கூப்பிட்டாள்.

“நான் இதெல்லாம் நம்பலைங்க. ஆனா நாளைக்கு நம்ம வூட்ல யாருக்காவது ஒரு ஜொரம் வந்தாகூட அந்தப் பல்லியத்தான் சொல்வாங்க. அத ஆயுசுக்கும் கேட்டுக்கினு இருக்க என்னால முடியாது.”

நம்பாதவர்களையும் சகுனம் இப்படித்தான் பிடிக்கிறது. சாவியைத் திருப்பிக் கொடுத்தோம். வேறு வீடு அமையவில்லை.

அவள் பஸ்ஸில் போய்வந்தாள். ஒருநாள் கடைசி பஸ்ஸுக்காக எழுந்தபோது, வலியில் இருந்த ஒரு பெண் அவள் கையை விடவில்லை. “வெரல ஒண்ணொண்ணா பிரிச்சிட்டு வந்தேங்க” என்றாள். அன்று அவள் சாப்பிடவில்லை. தாயும் பிள்ளையும் நலம் என்று மறுநாள் தெரிந்தும் அவள் முகம் தெளியவில்லை. அடுத்த மாறுதலில் சமவெளிக்கே கேட்டு வாங்கிக்கொண்டாள். நல்ல இடம்தான், நடந்தே போய்விடலாம். மலையைப் பற்றிப் பேசுவதை மட்டும் விட்டுவிட்டாள்.

அதற்கப்புறம்தான் நான் பல்லிகளைப் பற்றித் தேடிப் படித்தேன். பல்லியின் காலில் பசை எதுவும் இல்லை. விரலடியில் வரிவரியாகத் தகடுகளும், அவற்றில் கண்ணுக்குத் தெரியாத லட்சக்கணக்கான மயிர்களும் உண்டு. மயிர் சுவரை நெருங்கித் தொட்டால்தான் பிடிப்பு. காற்றில் ஈரம் இருப்பதால் மட்டும் கெடுதலில்லை, சில சமயம் பிடிப்பு கூடவும் செய்யுமாம். சுவரின் மேல் தண்ணீர் நின்றாலோ, பாதமே நனைந்துவிட்டாலோதான் வழுக்கும். தூசி ஒட்டினால், சுத்தமான சுவரில் கொஞ்சம் நடந்து உதிர்த்துக்கொள்ளும். புதுச் சுண்ணாம்பு அடித்த வீட்டில் அதற்குச் சுத்தமான சுவர் ஏது? எங்கள் குளியலறைச் சுவரில் வெந்நீர் ஆவி படிந்த நாட்களில் பல்லிகள் சறுக்குவதை நானே பார்த்திருக்கிறேன். நல்ல நாளைத் தவறவிடக் கூடாது என்று ஈரச் சுவரோடு அவசரப்பட்டோம். அந்த அவசரம்தான் பல்லியைத் தள்ளியது.

மனைவியிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். “இப்ப தெரிஞ்சி இன்னாங்க?” என்றாள்.

போன ஆவணியில், மலையில் அவள் கவனித்த ஒரு குழந்தைக்குக் காதுகுத்து என்று அழைப்பு வந்தது. இருவரும் போனோம். திரும்பும்போது நாங்கள் பால் காய்ச்சிய வீட்டைத் தாண்டித்தான் பஸ் நிறுத்தம். வாசலில் ஒரு பெண் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். கணவர் ஜீப் ஓட்டுகிறார், சொந்த ஊர் திருநாவலூர் பக்கம் என்றார். தண்ணீர் கேட்டுக் குடித்தோம். எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. குடிவந்தபோது சுண்ணாம்பு அடித்தார்களா?

“ஆமாங்க, மொத நாளுதான் அடிச்சாங்க. ஒரே பனி, காயவே இல்ல. பால் காச்சறப்ப ஒரு பல்லி வேற வந்து வுழுந்துச்சி.”

மனைவி சொம்பைக் கீழே வைத்தாள். “எதுலங்க?”

“பால்லதான். எங்க மாமியா கூடக் கத்துனாங்க.”

“அப்புறம் இன்னா பண்ணீங்க?”

“இன்னா பண்றது? கொட்டிட்டு, பானையக் கழுவிட்டு, வேற பால் காச்சினோம்.” அவர் மறுபடி முறத்தை எடுத்துக்கொண்டார்.

பஸ்ஸில் மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வளைவுகள் எல்லாம் இறங்கி, கோமுகி அணை கண்ணில் பட்டது.

“நம்மகிட்டயும் அன்னிக்கு இன்னொரு பாக்கெட் பால் இருந்துச்சிங்க” என்றாள். “டீக்குன்னு வாங்கினது.”

அதை என்ன செய்தோம் என்று எனக்கு நினைவில்லை. கேட்டேன்.

“வூட்டுக்கு எடுத்தாந்து தயிருக்கு ஒற ஊத்துனேன்.”