பப்பாஞ்சிக்குப் போட்ட சட்டை

மூன்றாம் வகுப்பை நான் இரண்டாவது முறையாகப் படித்துக்கொண்டிருந்த வருடம் அது. புத்தகத்துக்கே என்னைப் பார்த்துச் சலித்திருக்கும். நாட்டில் என்னென்னவோ நடந்தது. வருடம் பிறந்ததும் வளைகுடாவில் போர். கோடையில் ஓட்டுக் கேட்க வந்த பெரிய தலைவர் குண்டு வெடித்து இறந்தார். அன்று எங்கள் மட்டாஞ்சேரியில் சாயாக்கடைகூடத் திறக்கவில்லை. எனக்கு அது சாயா கிடைக்காத நாள், அவ்வளவுதான்.

வருடக் கடைசியில் கொச்சியில் பப்பாஞ்சி எரிப்பார்கள். வைக்கோல் திணித்த கிழவன் பொம்மை. போகிற வருடம்தான் அந்தக் கிழவன். கடற்கரையில் பெரியதை நள்ளிரவில் எரிப்பார்கள். எங்கள் சந்தின் சின்னதை இருட்டியதுமே எரித்துவிட்டு அங்கே ஓடுவோம். அந்த வருடம் செத்தவர்கள், நடந்தவை எல்லாவற்றையும் பத்திரிகையிலிருந்து வெட்டி அதன்மேல் ஒட்டுவது எங்கள் சந்து வழக்கம். எழுத்துக் கூட்டத் தெரியாத எனக்குப் படம் வெட்டுகிற வேலை.

சட்டைதான் கிடைக்கவில்லை. அப்பா முனிசிபாலிட்டியில் தெரு கூட்டுகிறவர். அவர் சட்டையைப் போட்டால் பப்பாஞ்சியே வெட்கப்படும். கதவுக்குப் பின்னால் மாமாவின் நீலச் சட்டை தொங்கியது. மாமா, அம்மாவின் தம்பி, குவைத்துக்கு வேலைக்குப் போனவர். போருக்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. யாரும் போடாத சட்டையை அம்மா வாரம்தோறும் துவைத்தாள். சோப்பு வீணாகிறதே என்றுதான் எனக்குக் கவலை.

"மாமன் சட்டையத் தாம்மா, பப்பாஞ்சிக்கு இடணும்."

"தொட்டா கை இருக்காது. அவன் வரும்போ எத இடுவான்?"

"இனியும் வருவான்னு..." என்றார் அப்பா. அம்மா பார்த்த பார்வையில் முடிக்கவில்லை.

நான் வாசலுக்கும் அடுக்களைக்கும் ஓடிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுச் சேட்டன் பொறுக்காமல் படங்களை வெறும் வைக்கோல் மார்பிலேயே ஒட்டிவிட்டார். அம்மா வந்து குனிந்து பார்த்தாள். தலைவரின் சிதைப் படத்தில் அவள் விரல் நின்றது.

"மோனே, குவைத்துல போனவங்க யாரும் இதுல இல்லயா?"

"இது பெரிய ஆளுங்க பக்கம் சேச்சி" என்றார் சேட்டன்.

அம்மா உள்ளே போய்ச் சட்டையைக் கொண்டுவந்தாள். தானே போட்டுவிட்டு, பொத்தான்களை மேலிருந்து கீழ்வரை மாட்டினாள். தலைவர்களெல்லாம் உள்ளே மறைந்துபோனார்கள். சேட்டன் முனகினார். அம்மா தீப்பெட்டியை என் கையில் வைத்தாள்.

"நீ வை. மருமகன்தான் வைக்கணும்."

பெரிய பையன்களுக்கே கிடைக்கும் வாய்ப்பு. பப்பாஞ்சிக்கு நான் எப்போது மருமகனானேன் என்று யோசிக்க எனக்கு நேரமில்லை.

எரிந்து அடங்கியதும் அம்மா என்னைக் குழாயடிக்கு இழுத்துப்போய்த் தலையில் தண்ணீரைக் குடத்தோடு கவிழ்த்தாள். அப்பாவும் கூப்பிடாமலே வந்து தலையைக் குனிந்தார். அதற்குள் கடற்கரையில் பெரிய பப்பாஞ்சியை எரித்துவிடுவார்கள் என்று நான் துள்ளினேன்.

ஈரத்தலையோடு கடற்கரைக்கு ஓடி, எங்கள் சந்தில் தீ வைத்தது நானாக்கும் என்று கண்டவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன். யாருக்கு வைத்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், பப்பாஞ்சிக்கு என்றுதான் சொல்லியிருப்பேன்.