இருபத்தாறு வயதோடு நின்ற பட்டியல்

தொண்ணூறுகளின் நடுவில், ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் கம்ப்யூட்டர் செக்‌ஷன் என்றால் அது நான் ஒருவன்தான். சம்பளம் கம்மி, திமிர் ஜாஸ்தி. கம்பெனியில் ரத்த வகை பார்க்கும் முகாம் நடந்தபோது, அறுநூறு பேரின் பெயர், விலாசம், வயது, ரத்த வகை எல்லாவற்றையும் ஃப்ளாப்பியில் ஏற்றும் வேலை என்னிடம் வந்தது. ஃப்ளாப்பியில் இடம் கொட்டிக் கிடந்தது. ஆனாலும் சுருக்கி எழுதுவதுதான் கெட்டிக்காரத்தனம் என்று எனக்கு நினைப்பு. பெயரையும் விலாசத்தையும் எழுத்தாக வைத்தேன். வயதை மட்டும் இரண்டு இலக்கமாக எழுதாமல், எண்ணாகவே ஒற்றை பைட்டில், அதாவது ஓர் எழுத்துக்கான இடத்தில், அடைத்தேன். முகாமில் எழுதிய தாள்களைப் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டேன். ஓ பாசிட்டிவ் என்று தேடினால் சட்டென்று நாலு பேர் வந்து நிற்பார்கள். மேனேஜர் முதுகில் தட்டினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தையல் பிரிவில் வேலை செய்த பெண்ணின் கணவர் என் வீட்டுக்கு ஓடி வந்தார். பிரசவம் ஆகியும் ரத்தம் நிற்கவில்லை, ஏ நெகட்டிவ் வேண்டும் என்றார். “ஆஸ்பத்திரில ஸ்டாக் இல்லியாம் சார். உங்க கம்ப்யூட்டர்ல யார் வீடு எங்கன்னு இருக்குதாமே.”

விடுமுறை நாள். ஆட்கள் எல்லாம் ஆலங்காயம் வரை சிதறிக் கிடந்தார்கள். வாட்ச்மேனிடம் சாவி வாங்கித் தேடினேன். ஒருவர்கூட இல்லை என்றது கம்ப்யூட்டர்.

“நல்லா பாருங்க சார். இவ்ளோ பேர் வேலை செய்ற எடம்.”

முழுப் பட்டியலையும் ஓட விட்டேன். நாற்பத்தொரு பேரோடு நின்றது. கோப்பின் அளவைப் பார்த்தால் அறுநூறு பேருக்கு உண்டானது. பாவிகளா, உள்ளேதானே இருக்கிறீர்கள்! எப்படித் திறந்தாலும் அதே இடத்தில் நின்றது. ஒரு மணி நேரம் பக்கத்திலேயே நின்றிருந்த மனிதர், “பேஜார் பண்ணிக்காதீங்க சார், நான் வேலூர்ல பாக்கறேன்” என்று எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

காரணம் தெரிய மாதக்கணக்கானது. முதலில் ஏற்றியது நாற்பதைத் தாண்டிய சூப்பர்வைசர்களை. நாற்பத்திரண்டாவது ஆளுக்கு வயது இருபத்தாறு. எழுத்து மட்டுமே உள்ள கோப்பு என்று திறந்ததில், ஒற்றை பைட்டாக 26 என்ற எண்ணைக் கண்டால், கோப்பு முடிந்துவிட்டது என்று அந்தக் காலத்து கம்ப்யூட்டர் நிறுத்திக்கொள்ளும். எண்ணும் எழுத்தும் கலந்திருக்கிறது என்று சொல்லித் திறக்க, புரோகிராமில் ‘பி’ என்ற ஒரே ஓர் எழுத்தைச் சேர்த்திருக்க வேண்டும். சேர்க்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே அந்தப் பெண் இறந்துபோனாள்.

மறுநாள் கட்டிங் பிரிவிலிருந்து ஒருவர் வந்து மேஜைக்கு முன்னால் நின்றார்.

“நான் ஏ நெகட்டிவ் சார். பஸ் ஸ்டாண்டு பின்னாலதான் வீடு. நேத்து முழுக்க வீட்லதான் இருந்தேன். என் பேரை எழுதாம வுட்டுட்டீங்களா?”

“எழுதியிருக்கேன்” என்றேன்.

“அப்புறம் ஏன் சார் கூப்பிடல?”